ஒரு வளைக்கு ஓர் உயிர்

பாறசாலையிலிருந்து களியக்காவிளை வரைக்கும், கிழக்கே காரக்கோணம், பனச்சமூடு பக்கமும், எலி என்றால் விளையின் எதிரி. மரச்சீனி முற்றும் பருவத்தில் பெருச்சாளி மண்ணுக்கடியிலேயே வந்து கிழங்கைத் தின்றுவிட்டுப் போய்விடும். மேலே கம்பும் இலையும் பச்சையாக நிற்கும். மூட்டைப் பிடுங்கும்போதுதான் விஷயம் தெரியும். தென்னையில் ஏறிக் கருக்கைக் குடைகிற எலி வேறு. இடவப்பாதி தொடங்கிவிட்டால் எலிப்பனி என்கிற எலிக்காய்ச்சல் பயமும் கூடவே வரும். 2018 வெள்ளம் வடிந்தபின் சேற்றில் இறங்கி வேலை செய்தவர்களுக்கெல்லாம் டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்தார்கள். அந்த நினைவு கேரளத்தில் இன்னும் ஆறவில்லை. எலிப்பெட்டியோ எலிவிஷமோ இல்லாத வீட்டை இந்தப் பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

அப்படிப்பட்ட ஒரு வீட்டில்தான், என் அக்கா வீட்டில், அவள் மகள் ஹாம்ஸ்டர் வேண்டும் என்று கேட்டாள். அது இன்னதென்று புரிந்ததும் அம்மச்சி கேட்ட கேள்வி நியாயமானது. “எலிக்கு வெஷம் வைக்குத வீட்டுல, எலியக் காசு குடுத்தா வாங்கப் போறீங்க?”

ஒரு குழந்தை தன் பொறுப்பில் ஓர் உயிரைக் கேட்பது சின்ன விஷயம் அல்ல. பிடிவாதம் என்று ஒதுக்கவும் கூடாது. அழுகையை நிறுத்துவதற்காகக் கடைக்கு ஓடவும் கூடாது. வரப்போகிறது யார், எங்கிருந்து வந்தது, அதற்கு என்ன பிடிக்கும் என்று வீட்டிலுள்ள எல்லோரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதன் கதை நமக்கு அப்படியொன்றும் தூரத்துக் கதையல்ல. ஒரு முனை மதராஸில் இருக்கிறது. 1903இல் மதராஸ் அரசு பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவன் என்ற மருத்துவர், காலா அசார் கண்டு மண்ணீரல் வீங்கிக் கிடந்த நோயாளிகளிடம் ஒரு நுண்ணுயிரைக் கண்டார். டம்டம்மில் நோய் பற்றி இங்கிலாந்தில் இறந்த ஒரு சிப்பாயின் உடலில் அதையே வில்லியம் லீஷ்மன் கண்டிருந்தார். ரொனால்ட் ராஸ் இருவர் பெயரையும் சேர்த்து அதற்கு லீஷ்மேனியா டோனவானி என்று பெயர் வைத்தார். அந்த நோயை ஆராய, அது பற்றக்கூடிய ஒரு சிறு விலங்கு தேவைப்பட்டது. எருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் இந்த வேலையில் இருந்த சால் ஆட்லர் சீன ஹாம்ஸ்டர்களை வரவழைத்துப் பார்த்தார். அவை கூண்டில் குட்டி போடவில்லை. சிரியாவில் வேறொரு ஹாம்ஸ்டர் உண்டு என்பது 1839 முதலே ஏட்டில் இருந்தது. இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளரிடம் அதைப் பிடித்துத் தரக் கேட்டார். 1930 ஏப்ரலில், அலெப்போ அருகே, ஒரு கோதுமை வயலை வெகு ஆழத்துக்குத் தோண்டி ஒரு தாயையும் 11 குட்டிகளையும் எடுத்தார்கள்.

எடுத்துப் பெட்டியில் போட்டதும், தன்னிடம் முதலில் வந்த குட்டியின் தலையைத் தாய் கடித்துக் கொன்றது. மற்றவற்றைக் காப்பாற்றத் தாயைக் கொல்ல வேண்டியதாயிற்று. தாயில்லாக் குட்டிகளை எருசலேமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சில, கூண்டின் மரத்தரையைக் கடித்து வெளியேறின. எஞ்சிய மிகச் சில உடன்பிறப்புகளிலிருந்து பெருகிய கூட்டம் ஓராண்டிலேயே நூற்றைத் தாண்டியது. உலகம் முழுக்க இன்று கடைகளில் விற்கும் சிரியன் ஹாம்ஸ்டர் ஏறத்தாழ எல்லாமே அந்த ஒரு தாய்வயிற்று வழி வந்தவை.

அந்தத் தாயைக் கொடியவள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வளை உடைந்து, வெளிச்சம் பாய்ந்து, மனிதக் கைகள் நீண்ட நேரத்தில் அவள் செய்தது அது. இன்றும் கடையிலிருந்து சினையாக வந்த ஹாம்ஸ்டர் வீட்டில் குட்டி போட்டால், ஆசையோடு குழந்தைகள் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தால், இதுவே நடக்கிறது. ஒரு நூற்றாண்டு நெருங்கியும், எத்தனையோ தலைமுறை கூண்டில் பிறந்தும், வளை கலைவதைத் தாங்காத அந்த மனம் அப்படியே இருக்கிறது. ஹாம்ஸ்டர் வளர்ப்பு பற்றி நான் சொல்ல நினைக்கிற எல்லாமே இந்த ஒரு சங்கதியைச் சுற்றித்தான் வருகிறது.

நம் ஊர்க் கடைகளில் எதையும் ஜோடியாகக் கொடுப்பதே பழக்கம். லவ் பேர்ட்ஸ் ஜோடி, புறா ஜோடி, முயல் ஜோடி. ஹாம்ஸ்டரையும் அப்படியே அட்டைப்பெட்டியில் இரண்டாகப் போட்டுத் தருவார்கள். ஒன்று போதும் என்று நான் சொன்னபோது அக்கா மகளின் முகம் வாடிவிட்டது. “மாமா, ஒண்ணே ஒண்ணு தனியா கெடந்தா அதுக்கு சங்கடமா இருக்காதா?” என்றாள். அவள் கேட்டது இந்த மண்ணின் கேள்வி. ஒரே விளையில் நாலு வீடு, சாயங்காலமானால் ஒரே திண்ணை, பெரியவர் யாராவது தனியாகப் படுத்தால் துணைக்கு ஒரு பேரப்பிள்ளையை அனுப்புகிற ஊர் இது. தனிமை இங்கே ஒருவருக்கு நேர்ந்துவிட்ட குறை.

சிரியன் ஹாம்ஸ்டருக்கோ தனிமைதான் குடும்பம். ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோல்ஃப் காட்டர்மன் குழுவினர் 1997இலும் 1999இலும் அலெப்போ வட்டாரத்துக்குப் போய் 30 வளைகளைக் கண்டு, அவற்றில் பெரும்பாலானவற்றை அளந்தார்கள். ஆழம் 36 சென்டிமீட்டரிலிருந்து 106 சென்டிமீட்டர் வரை. ஒன்றில்கூட இரண்டு பெரிய ஹாம்ஸ்டர் சேர்ந்து இருக்கவில்லை. ஒரு வளைக்கு ஓர் உயிர். இணைசேரும் நேரம் தவிர ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று சகிப்பதில்லை. கடையில் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தூங்குவதைப் பார்த்து நாம் பாசம் என்று நினைக்கிறோம். அது குட்டிப் பருவம் முடியும் வரைதான். பிறந்து இரண்டு மாதம் ஆகும்போது சண்டை தொடங்கிவிடும். காலையில் பெட்டியைத் திறந்தால் ஒன்று காயப்பட்டோ செத்தோ கிடக்கும். குள்ள ஹாம்ஸ்டர் வகைகளில் சில சேர்ந்து வாழக்கூடும் என்பார்கள். முதன்முதலாக வளர்ப்பவருக்கு அந்தப் பரீட்சை வேண்டாம். ஆணும் பெண்ணுமாக இருந்துவிட்டால் இன்னொரு ஆபத்து: கருக்காலம் 16 நாள்தான், பாலூட்டிகளில் மிகக் குறுகிய கருக்காலங்களில் ஒன்று. ஒரு ஈற்றில் எட்டு, பத்து குட்டிகள். அவற்றை யாருக்குக் கொடுப்பது?

காட்டர்மன் அளந்த வளைகள் சிரியாவின் வடக்கே, துருக்கி எல்லையை ஒட்டிய உழவு நிலத்தில் இருந்தன. காட்டு ஹாம்ஸ்டருக்கு உலகத்தில் வேறு சொந்த ஊர் கிடையாது. எல்லைக்கு இரு பக்கமுமாக ஒரு சிறு துண்டு நிலம், அவ்வளவுதான். 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு தமிழகத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் என்று ஆன பிறகு, அதே மரச்சீனியையும் அதே மழையையும் இரு மாநிலத்தில் பங்கிட்டுக்கொண்டு வாழும் எங்களுக்கு அந்த நிலப்படத்தைப் பார்த்தால் மனம் ஒட்டிக்கொள்கிறது. அங்குள்ள உழவர்களுக்கு ஹாம்ஸ்டர் பயிரைத் தின்கிற எலி. பயறு வயலை நாடி வரும், விஷம் வைத்துக் கொல்வார்கள். அழியும் ஆபத்திலுள்ள விலங்கென்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதைப் பட்டியலிட்டிருக்கிறது. அம்மச்சியிடம் இதைச் சொன்னேன். “அப்ப அங்கயும் நம்மள மாதிரிதான்” என்றார். அதற்குப் பிறகு அவர் தடுக்கவில்லை.

புறநானூற்றின் 190ஆம் பாட்டில் சோழன் நல்லுருத்திரன், விளைந்த கதிரைக் கொண்டுபோய் வளையில் நிறைக்கும் எலியைப் போன்ற மனிதரின் நட்பு வேண்டாம், புலி போன்றவரின் நட்பே வேண்டும் என்கிறான். அரசன் பார்வை அது. ஹாம்ஸ்டர் பக்கமிருந்து பார்த்தால் சேர்த்து வைப்பது கருமித்தனம் ஆகாது. கோடையில் காய்ந்து குளிரில் உறையும் மேட்டு நிலத்தில், ஆளில்லாத் தனிக்குடித்தனம் நடத்தும் ஒரு சிற்றுயிருக்குக் களஞ்சியம்தான் உறவு, அதுதான் துணை. தோள்வரை நீளும் கன்னப்பைகளில் தானியத்தை அடைத்து, முகம் இருமடங்காகி, நிலத்தடியில் ஒரு மூலைக்குக் கொண்டுபோய் முன்னங்கால்களால் தள்ளித் தள்ளிக் கொட்டும். துப்புரவு செய்கிறோம் என்று அந்தச் சேமிப்பை முழுவதும் வாரி எறிகிறவர்கள் அதன் நிம்மதியையும் சேர்த்து எறிகிறார்கள். ஈரமானதை, பூசணம் பிடித்ததை மட்டும் எடுங்கள். காய்ந்த தானியம் கிடக்கட்டும். படுக்கையையும் ஒரேயடியாக மாற்றாமல் பழையதில் பாதியை விட்டுவைக்க வேண்டும், அதன் மணம் அதற்கு வேண்டும்.

ஆகவே வளர்ப்பவரின் முதல் வேலை வளை தோண்டும் இடம் கொடுப்பது. கடையில் விற்கும் வண்ணக் கம்பிக்கூண்டு, குழாய்களும் மாடிகளுமாக, குழந்தையின் கண்ணுக்காகச் செய்தது. ஜெர்மனியில் விலங்கு நலம் பேணும் கால்நடை மருத்துவர்களின் சங்கம் குறைந்தது 100 சென்டிமீட்டர் நீளம், 50 அகலம், 50 உயரம் என்று சொல்கிறது. நம் ஊரில் இதற்குக் கடையைத் தேட வேண்டாம். பழைய மீன்தொட்டி இருந்தால் போதும். இல்லாவிட்டால் ஆசாரியிடம் சொல்லி ஒரு பெட்டி அடித்து, மேலே கம்பிவலை போடலாம். அதில் கால் மீட்டர் உயரத்துக்காவது படுக்கை வேண்டும்.

என்ன படுக்கை என்பதில் இந்த வட்டாரத்துக்கே உரிய கவனம் தேவை. தடிமில்லில் மரத்தூள் சும்மாவே கிடைக்கும். ஆனால் இங்கே அறுபடுவதில் பெரும்பகுதி ரப்பர் மரம். அது வண்டு விழாமலிருக்கப் போரிக் அமிலமும் வெங்காரமும் கரைத்த நீரில் ஊறவைத்துப் பதப்படுத்தப்படுவது. அந்தச் சீவலும், பாலிஷ் கலந்த பட்டறைத் தூளும் வேண்டாம். மாவுபோன்ற எந்தத் தூளும் அந்தச் சின்ன நுரையீரலுக்கு ஆகாது. சகிரிச்சோற்றை நன்றாகக் கழுவி உப்புப் போக்கி, காயவைத்து, சலித்துப் பயன்படுத்தலாம். அதோடு அச்சில்லாத வெள்ளைக் காகிதத்தைக் கிழித்துக் கலந்தால் வளை சரியாமல் நிற்கும். மெத்தென்று இருக்கட்டும் என்று பஞ்சு வைக்காதீர்கள். பாலராமபுரத்துத் தறிவீடுகளிலிருந்து கிடைக்கும் கழிவு நூலும் அப்படியே. இழை காலில் சுற்றி இறுகி ரத்த ஓட்டம் நின்றுபோகும், கன்னப்பைக்குள் சிக்கினால் வெளியே வராது. சிரட்டை ஒன்றைக் கவிழ்த்துப் பக்கத்தில் ஓட்டை போட்டு வைத்தால் அதைவிட நல்ல வீடு இல்லை.

பிறகு சூடு. 30 டிகிரியைத் தாண்டினாலே ஹாம்ஸ்டர் தவிக்கத் தொடங்கும்; நமக்கு மாசி, பங்குனியில் பகல் 33, 34 போகிறது, அதோடு கடலோரப் புழுக்கம். பழைய ஓட்டுவீடு தாங்கும். வார்ப்பு வீட்டில் ராத்திரியும் மச்சிலிருந்து வெக்கை இறங்கிக்கொண்டே இருக்கும். எனவே வீட்டிலேயே குளிர்ச்சியான அறை எது என்று பார்த்து, வெயில் விழாத தரைப்பக்கம் பெட்டியை வைக்க வேண்டும். உள்ளே ஒரு மண்சட்டியைச் சாய்த்துப் பாதி புதைத்து வையுங்கள். பகலில் அதற்குள்தான் படுத்திருக்கும். ஐஸ் கட்டிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு வெளிப்பக்கம் ஒட்டி வைக்கலாம். மின்விசிறிக் காற்று நேரே படக்கூடாது. தண்ணீரில் குளிப்பாட்டவே கூடாது. தூசியில்லாத பருமணலை ஒரு தட்டில் வைத்தால் தானே புரண்டு உடம்பைச் சுத்தம் செய்துகொள்ளும். மழைக்காலத்தில் கவலை வேறு திசையில் வரும்: ஈரம், பூசணம், எறும்பு. நமுத்துப்போன கடலை ஒன்றுகூடப் போடக்கூடாது.

தீனி பற்றி நீளச் சொல்ல ஒன்றுமில்லை. தினை, கம்பு, கேழ்வரகு, கோதுமை, கொஞ்சம் பயறு, ஒரு துண்டு வெள்ளரி அல்லது கேரட், எப்போதாவது அவித்த முட்டையில் ஒரு கிள்ளு. சூரியகாந்தி விதையைத்தான் அது முதலில் எடுக்கும், அதனால்தான் அளந்து கொடுக்க வேண்டும். நாரத்தை, ஆரஞ்சு, உள்ளி, பூண்டு வேண்டாம். சக்கைப்பழமும் மட்டிப்பழமும் வீட்டில் நிறைந்து கிடக்கும் நாட்களில் குழந்தைகளின் கை நீளும். குள்ள வகைகளுக்குச் சர்க்கரை நோய் எளிதில் வரும், தடுத்துவிடுங்கள். பச்சை மரச்சீனி ஒரு துண்டுகூடக் கூடாது. அதிலிருந்து வெளிப்படும் சயனைடு ஆட்டையே விழுத்தாட்டும்.

கடைக்குச் சாயங்காலம் போவது நல்லது. பகலில் எல்லாக் குட்டியும் தூங்கும், நோயாளியும் ஆரோக்கியமானதும் ஒன்றுபோலவே கிடக்கும். விழித்த நேரத்தில் கண் தெளிவாக, மூக்கு காய்ந்து, நடை சீராக இருக்கிறதா என்று பார்க்கலாம். வாலடியைக் கட்டாயம் பாருங்கள். அங்கே ஈரமும் நாற்றமும் இருந்தால் அது குட்டிப் பருவத்தில் தாக்கும் கடும் வயிற்றுப்போக்கு, இரண்டு நாளில் உயிரைக் கொண்டுபோகும். அந்தக் குட்டியை மட்டுமல்ல, அந்தக் கூண்டிலுள்ள எதையும் வாங்கக்கூடாது. ஆணும் பெண்ணும் பிரிக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். வளர்ப்பு விலங்குக் கடைகளுக்கென்று 2018இல் வந்த மத்திய அரசு விதிகளின்படி கடை மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். சான்றைக் காட்டச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். பக்கத்து அரசு கால்நடை ஆஸ்பத்திரியில் வருவதெல்லாம் பசுவும் ஆடும் கோழியும்தான். அதனால் ஹாம்ஸ்டரைப் பார்க்கக்கூடிய மருத்துவர் யார் என்று வாங்குவதற்கு முன்பே விசாரித்து வைக்க வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எலிப்பனிக் கிருமி வீட்டெலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கும். எலிக்கு நோவு தெரியாது. அதே கிருமி ஹாம்ஸ்டரைச் சில நாட்களில் கொன்றுவிடும். ஆய்வுக்கூடங்களில் அந்த நோயை ஆராய ஹாம்ஸ்டரை வைத்திருப்பதே அதனால்தான். ஹாம்ஸ்டரின் பெட்டி மேல் வீட்டெலி ஓடக்கூடாது, அதன் மூத்திரம் படுக்கையிலோ தீனியிலோ விழக்கூடாது. நெருங்கிய கண்ணுள்ள வலை, இறுக மூடிய தீனி டப்பா, பெட்டியைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவும் பழக்கம், மூன்றும் இந்த ஊரில் தவிர்க்க முடியாதவை.

இத்தனையும் செய்து வைத்த பிறகு குழந்தைக்குக் கிடைப்பது என்ன? பகலெல்லாம் ஒரு மண்மேடு. அவள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அது தூங்கும், அவள் தூங்கும்போது எழுந்து பல கிலோமீட்டர் சக்கரத்தில் ஓடும். சக்கரம் சிறியதாக இருந்தால் முதுகெலும்பு வளையும். சிரியனுக்கு 28 சென்டிமீட்டர் விட்டமும், கால் சிக்காத மூடிய தளமும் வேண்டும். கூண்டின் சலிப்பால்தான் ஓடுகிறது என்று பலர் சொல்வார்கள். நெதர்லாந்தில் யோஹன்னா மைஜர் வெட்டவெளியில் சக்கரங்களை வைத்துப் பார்த்து 2014இல் எழுதினார்: காட்டெலிகள் யாரும் கட்டாயப்படுத்தாமல் வந்து ஏறி ஓடின.

இரவு நேரக் கணக்கிலும் ஒரு விந்தை உண்டு. உடலுக்குள் ஓடும் கடிகாரத்தைப் பற்றி உலகம் கற்றதில் ஹாம்ஸ்டரின் பங்கு பெரிது. 20 மணி நேரத்தையே ஒரு நாளாகக் கொண்ட ஹாம்ஸ்டர்களைப் பற்றி 1988இல் மார்ட்டின் ரால்ஃபும் மைக்கேல் மெனக்கரும் எழுதினார்கள். நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் இதே கேள்வியை வௌவால்களிடமும் வயற்சுண்டெலியிடமும் கேட்டார்கள். எல்லா ஆய்வுக்கூடத்திலும் ஹாம்ஸ்டர் இரவில் விழிக்கும் விலங்கு. ஆனால் காட்டர்மன் குழு 2008இல் வெளியிட்ட துருக்கி வயல்வெளி ஆய்வில், காட்டுப் பெண் ஹாம்ஸ்டர்கள் விடியற்காலையிலும் பிற்பகல் சாய்ந்த பின்னும், பகல் வெளிச்சத்திலேயே வெளியே வந்தன. கூண்டில் பார்த்ததையே இயல்பு என்று இத்தனை காலம் எழுதிவந்திருக்கிறோம். நம் கையிலிருக்கும் உயிரைப் பற்றிக்கூட நமக்குத் தெரிந்தது பாதிதான் என்பதை ஒரு பத்து வயதுக் குழந்தைக்குச் சொல்ல இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

பழக்குவதற்கும் அதன் வழியில்தான் போக வேண்டும். வீட்டுக்கு வந்த முதல் வாரம் தீனியும் தண்ணீரும் வைத்துவிட்டு விலகிவிட வேண்டும். பிறகு சாயங்காலம் அது தானே வெளியே வரும் நேரத்தில் உள்ளங்கையைத் தரையோடு வைத்து ஒரு விதையோடு காத்திருக்க வேண்டும். மேலிருந்து கை இறங்கினால் அதற்குப் பருந்து. தூங்குவதை எழுப்பினால் கடிக்கும், அந்தக் கடிக்கு அதன்மேல் குற்றமில்லை. அக்கா மகள் முதலில் அழுதாள். அது தன்னிடம் வரவில்லை என்று. பின்னர் பாயை விரித்து, பெட்டிக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, மண்ணுக்கடியில் அது எந்தப் பக்கம் தோண்டுகிறது என்று காது வைத்துக் கேட்கப் பழகினாள். ஒரு பள்ளி நோட்டில் வளையின் படத்தை வரைந்து வைத்திருக்கிறாள்: தூங்கும் அறை, தானிய அறை, மூத்திர மூலை. அதைத் தோண்டிச் சரிபார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

வயதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இரண்டு வருடம், மிஞ்சினால் மூன்று. வாங்கும்போது ஐந்தாம் வகுப்பில் இருக்கும் குழந்தை எட்டாம் வகுப்புக்குப் போகும்போது அது இருக்காது. கடைசி மாதங்களில் முதுகு மயிர் உதிரும், பல் வலுவிழக்கும், சக்கரத்தில் ஏறாது. அப்போது பாட்டிலுக்குப் பதில் தட்டையான கிண்ணத்தில் தண்ணீர், தானியத்தை ஊறவைத்து நசுக்கிய தீனி, சட்டியின் வாயைத் தரையோடு தரையாக்கி ஏற இறங்கச் சிரமமில்லாத வழி என்று வேலை கூடும். இந்த வேலைகளைப் பெரியவர்கள் பிடுங்கிக்கொள்ளாமல் அவளிடமே விட வேண்டும்.